மீன் படாத வலை

சந்தேகப்படுவதில் ஜன்னத் பீவியை மிஞ்ச மீனவர் ஊரான கட்டுமாவடியில் ஆள் கிடையாது. தராசு முள் நேராக நின்றாலும் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், "எலங்கைக்குப் போயிட்டுப் பத்து நாள்ல வந்துர்றேன்" என்று புருஷன் சேக் அலாவுதீன் சொன்னால் சும்மா விடுவாளா?

அதுவும் எந்த இலங்கை? மூன்று வருஷத்துக்கு முன்னால், இவன் ஓட்டிப்போன விசைப்படகு எல்லை தாண்டிவிட்டது என்று பிடித்து, ஐந்து மாதம் ஜெயிலில் வைத்திருந்து அனுப்பினார்களே, அதே இலங்கை. எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவன் அதற்குப் பிறகு விசைப்படகில் கால் வைக்கவில்லை. நாட்டுப்படகில் கரையோரமாக நண்டுக்குப் போய்வருகிறான். இப்போது பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, நாகப்பட்டினத்திலிருந்து சனிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

"அங்க என்ன வேல ஒங்களுக்கு?"

"ஒரு ஆஸ்பத்திரியில பிள்ளைங்க வார்டு இருக்கு. கொஞ்சம் சாமான் குடுக்கணும். நாலு நாள் கூடமாட நின்னு ஒத்தாச பண்ணணும்."

அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போய்விடுவான்.

பக்கத்து வீட்டு ஆஃபியா எரிகிற அடுப்பில் இன்னும் இரண்டு விறகைச் செருகினாள். "ஜெயில்ல கெடந்த ஊருக்கு ஒரு மனுசன் சொந்தக் காசப் போட்டுப் போறாருன்னா, அங்க யாரோ இருக்காகன்னுதானக்கா அர்த்தம்?"

அந்தப் பேச்சு ஜன்னத் பீவிக்குள் பற்றிக்கொண்டது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. "இன்னொன்னு கட்டிக்கயேன்" என்று அவள் காதுபடவே சொந்தக்காரர்கள் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் கண்டுகொண்டதில்லை. இங்கே கட்டாதவன் அங்கே கட்டியிருந்தால்? ஜெயிலில் இருந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு மனசு கேட்டது. காய்ச்சலில் அங்கே ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றானே, அந்தக் கதை என்ன என்று இன்னொரு மனசு கேட்டது. இரண்டாவது மனசுதான் எப்போதும் அவளிடம் ஜெயிக்கும்.

இதற்கு நடுவில் அவளுடைய ரோஸ் நிற வாயில் சேலை வேறு காணாமல் போனது. முந்தின நாள் கொடியில் கிடந்தது, மறுநாள் இல்லை. கேட்டதற்கு, "காத்துல பறந்துருக்கும்" என்றான். வேப்பிலைகூட அசையாத பங்குனி மாதம் அது.

வெள்ளிக்கிழமை அவன் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பியதும், மூட்டை கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்தாள். முதலில் கைக்கு வந்தது ஒரு வலை. அவள் வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவள். வலைக்கண்ணில் விரலை நுழைத்துப் பார்த்தே இது எந்த மீனுக்கு என்று சொல்லிவிடுவாள். இதில் இரண்டு விரல்தான் நுழைந்தது. நூலோ சுறாவுக்குப் போடுகிற தடிமன். இத்தனை தடித்த நூலில் இத்தனை சின்னக் கண் வைத்தால் எந்த மீன் வந்து படும்? மொத்த நீளமே மூன்று முழம், அகலம் ஒரு முழம். நாலு மூலையிலும் கட்டுக்கயிறு. நூல் உரசாதபடி ஓரம் முழுக்கத் துணி சுற்றித் தைத்திருந்தான். துணி ரோஸ் நிறம்.

பிள்ளைத் தொட்டில் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் சேலையில் எவள் பிள்ளையோ தூங்கப்போகிறது. பெட்டியிலிருந்து அவன் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள்.

பிறகு, இன்னும் என்னென்ன வைத்திருக்கிறான் பார்ப்போம் என்று சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினாள். இன்னொரு தொட்டில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. எண்ணினால் பதினொன்று. மூன்று வருஷத்தில் பதினோரு பிள்ளை எவளாலும் பெற முடியாது என்பது அவளுடைய சந்தேகத்துக்கே விளங்கியது. எல்லாவற்றுக்கும் அடியில், ஈயமும் மிதவையும் கோத்த புத்தம்புது நண்டு வலை ஒன்று கிடந்தது. ஆஸ்பத்திரியில் யார் நண்டு பிடிக்கிறார்கள்?

தொப்பியோடு உள்ளே நுழைந்த சேக் அலாவுதீன் வலைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"காய்ச்சல்னு கொண்டு போனாகள்ல, பெரியவுக வார்டுல எடமில்ல. பிள்ளைங்க வார்டு ஓரத்துல பாய விரிச்சு, ஒரு கையச் சன்னல் கம்பியோட சேத்து வெலங்கு மாட்டிப் போட்டாக. ரெண்டாவது நாளு, எதுத்த கட்டில்லேருந்து ஒரு பொட்டப்புள்ள விழுந்துருச்சு. ரெண்டு வயசு இருக்கும். கட்டிலுக்குப் பக்கக் கம்பி ஒடஞ்சு கெடந்துச்சு. நெத்தி பொளந்து ரத்தம். எட்டித் தூக்கலாம்னா வெலங்கு விடல ஜன்னத்து."

அவன் நர்ஸிடம் நூல் கேட்டிருக்கிறான். வீட்டில் கிழிந்த வலை சும்மாதான் கிடக்கிறது என்று அந்தப் பிள்ளையின் தாய் மறுநாள் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதைப் பிரித்து முறுக்கி, கட்டிலின் பக்கத்துக்கு மறைப்பாகப் பின்னிக் கட்டினான். பின்னுகிற நேரத்துக்குக் காவலர்களே விலங்கைக் கழற்றிவிட்டார்கள். ஏழு நாளில் ஆறு கட்டில் முடிந்தது, பதினொன்று மிச்சம்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? என் சேலையத் திருடணுமா?"

"படகுலயே ஒக்காந்து பின்னிட்டேன். ஓரத்துக்கு மெத்துனு வேற துணி கெடைக்கல. பிள்ளைங்கன்னு பேச்செடுத்தா ஒன் மொகம் வாடிரும்னுதான் சொல்லல."

"அது பாதி. மீதியச் சொல்லுங்க." நண்டு வலையை அவன் முன்னால் தள்ளினாள்.

அவன் அதைத் தொடவில்லை. "அந்தப் புள்ளையோட அம்மா கொண்டாந்த வல பாறையில கிழிஞ்சது இல்ல. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. விசைப்படகு அடியில இழுத்துட்டுப் போற மடி வல கிழிச்சது. இங்கிட்டுருந்து போற நம்ம படகுதான். நான் ஓட்டுனதாவும் இருக்கலாம். அவ புருசனுக்கு இருந்ததே அந்த ஒரு வலதான்."

ஜன்னத் பீவிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தன் வீட்டு வலை கிழிந்ததுபோல நெஞ்சு வலித்தது. ஆனாலும் கேள்வி விடவில்லை.

"எந்த ஊரு, என்ன தொழிலுன்னு அவ கேக்கலயா?"

"கேட்டா. கறம்பக்குடிப் பக்கம் வெவசாயம், படகுல சமையலுக்கு வந்தேன்னு சொல்லிட்டேன்."

"வல பின்னிக்கிட்டேவா?"

"கையவே பாத்துக்கிட்டு இருந்தா."

"இப்ப?"

"வலயக் குடுத்துட்டு வந்துரலாம்னு..."

அவள் எழுந்துபோய் டிரம்முக்குள் கையை விட்டாள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பொறந்த ஊரு என்னன்னு போட்ருக்கு?"

"கட்டுமாவடி."

"அதையும் விசைப்படகு ஓட்டுனதையும் சொல்லிட்டு வலயக் குடுங்க. அவ கேக்கலைன்னாலும் சொல்லணும். சொல்லாம வந்தீங்கன்னா மொகத்தப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோயிரும்."

தெரிந்துபோகும் என்பதில் சேக் அலாவுதீனுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.