எட்டாத ஏரி

பக்கத்து வீட்டு முனியன் அண்ணன் எங்கள் ஏரியின் மதகைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். யாராவது திருட்டுத்தனமாகத் தண்ணீரைத் திருப்பினால் எங்கள் ஊர் காவாந்தண்டலம் முழுக்கக் கேட்கும்படி திட்டுவார். சுகர் வந்து கண் பார்வை போய், ஒரு காலையும் எடுத்த பிறகு அந்த வாயும் அடங்கிவிட்டது. ரெண்டு வருஷமாகச் சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எது கேட்டாலும் "ம்". அவர் பெண்டாட்டி திலகா அக்கா படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கே மனசு தாங்காது.

அக்காவுக்கு வேலை ஊருக்கு வெளியே, தேவயானி மேடத்தின் செராமிக் ஷெட்டில். களிமண்ணை அப்பளம் மாதிரித் தேய்த்து, அதில் செடி கொடிகளை அழுத்திச் சூளையில் சுடுவார்கள். செடி எரிந்துபோகும், அதன் தடம் நிற்கும். வண்ணம் பூசி மறுபடி சுட்டால் சுவரில் மாட்டுகிற படம். எல்லாம் மெட்ராஸ் பங்களாக்களுக்குப் போகும். நாம் பிடுங்கி எறிகிற கோரையைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிற ஜனங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஒருநாள் அக்கா சொன்னாள்: "சுதா, நம்ம ஏரியையே செஞ்சி வூட்டுக்குக் கொண்டாரப் போறேன். அப்பவாச்சும் இந்த மனுசன் வாயத் தொறக்குதா பாக்குறேன்."

மேடத்திடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தாள். கரையை மேடாக எழுப்பினாள். கரையில் வேலிக்காத்தான் முள், தண்ணீரில் அல்லி இலை, கீழே கழனி, கழனியில் நிஜமான நெற்கதிரின் தடம். தண்ணீர் பாய்ந்தால்தான் அழகு என்று மதகுப் பலகையைத் தூக்கிவிட்ட மாதிரி வைத்தாள். முதல் தடவை சூளையில் விரிசல் விட்டது. அழுது தீர்த்துவிட்டு மறுபடியும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். நிற்கிறவர்களின் கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் ட்ரில் போட்டு, கட்டிலுக்கு மேலே சரியாக அந்த உயரத்தில் மாட்டினார். தெருவே வந்து பார்த்தது. "ஏரி அப்படியே கீதுக்கா!" என்று ஆளாளுக்கு போட்டோ எடுத்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நடுநடுவே கட்டிலைப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் "ம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் நாங்கள் டீ போட உள்ளே போனோம். தொப்பென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் சுவரில் தொங்கிய காலண்டர் தரையில் கிடக்கிறது. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறார். விரலுக்கும் ஏரிக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருந்தது.

"எல்லாரும் பாத்துட்டுப் போறாங்க," என்றார். "எனக்கு எட்டலியே திலகா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "யாருக்கோசரம் செஞ்சேனோ அந்த ஆளுக்கே எட்டாத எடத்துல மாட்டி வெச்சிக்கீறேனே!"

படத்தை இறக்கி அவர் மடியில் வைத்தோம். விரல்கள் மெல்லக் கரை ஏறின. முள்ளுக்குக் கிட்டே வந்ததும் தானாக ஒதுங்கிப் போயின. அல்லி இலையைச் சுற்றிவிட்டு மதகுக்கு வந்தன. பலகைக்கு அடியில் இருந்த ஓட்டையில் ஒரு விரல் நுழைந்தது. அப்புறம் கழனிக்கு இறங்கி, கதிரின் மணிகளை ஒவ்வொன்றாகத் தடவியது. அண்ணன் புருவத்தைச் சுருக்கினார்.

"இன்னாம்மே இது? கதிரு முத்தித் தலை சாஞ்சி கெடக்குது. அறுக்குற நேரத்துல எவனாச்சும் மதகத் தொறந்து வுடுவானா? கழனியெல்லாம் சேறாப் பூடாது? அறிவு கீதா உனக்கு? மூடு மொதல்ல!"

பழைய குரல். எதிர் வீட்டு மார்த்தாள் வெளியே ஓடி வந்து, "யாரு, முனியனா கத்துறது?" என்று கேட்டாள்.

திலகா அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"மூடிடுறேன் மாமா," என்றாள். "நீ இன்னும் திட்டு."