ஏணி போட மறந்த படம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள், முன்னறையில் தரையை விட்டு எழும்பினார். முழங்கால் உயரம் போனதும் கைகள் இரண்டும் தாமாக விரிந்துகொண்டன, பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன, மின்விசிறிக்குச் சற்றுக் கீழே அப்படியே நின்றுவிட்டார். பின்னால் மரம் இல்லை, கயிறு இல்லை, வலியும் இல்லை. அவர் மனைவி கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினாள். பழகுகிறவன் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் ஏற்றினாலும் குரல் உயர்த்தாத பழக்கம் அன்றைக்குக் கைகொடுத்தது.

மாடியில் குடியிருந்த அவள் தம்பி ஏசி மெக்கானிக். கூப்பிட்டதும் அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏணி நன்றாகத்தான் நின்றது, ஆனால் கடைக்காரரின் பாதம் அதன் படியில் தங்காமல், புகைக்குள் போவதுபோல் ஊடுருவிப் போனது. இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்தான். அவனும் ஒரு சாண் மேலே போனதுதான் மிச்சம்.

"என்ன மாமா சாப்பிட்டீங்க?" என்றான்.

"உங்க அக்கா போட்டதத்தான். மாப்ள, இந்த ஏணி ஆகாது. நீ கொஞ்சம் வெளிய இரு."

எந்த ஏணி ஆகும் என்று கடைக்காரருக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குப் பதில் ஆயுள் முழுக்க அங்கேயே தொங்கலாமா என்றுகூட யோசித்தார். விஷயம் இதுதான். பகலெல்லாம் குனிந்து லென்ஸ் தேய்க்கிற இந்த மனுஷர், பல வருஷமாக இணையத்தில் ஒரு குழுவில் படம் வரைந்து போட்டுக்கொண்டிருந்தார். அங்கே எல்லாரும் வரைவது ஒன்றைத்தான்: சிலுவையில் விரிந்து நிற்கும் உடம்பு. பக்திக்காக அல்ல, ஆசைக்காக. கட்டுண்டு, காற்றுப்பட்டு, ஒருவர் கண்ணெடுக்காமல் பார்க்க நிற்கிற உடம்பின் மேல் உள்ள ஆசை. பிறந்ததிலிருந்து தனக்கு மட்டும்தான் இந்தக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துச் சேர்ந்த இடம் அது. அழைக்கப் புனைபெயர் உண்டு, யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அவர்களுக்குள் கறாரான கட்டுப்பாடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு படத்திலும் மரத்தில் ஓர் ஏணி சாய்ந்திருக்க வேண்டும். ஏறினவருக்கு இறங்கத் தோன்றினால் இறங்க முடிய வேண்டும், இல்லையென்றால் அது ஆசை அல்ல, அக்கிரமம். ஏணி இல்லாத படங்களைத் திருப்பி அனுப்புகிற வேலை கடைக்காரருடையது. அன்று காலை அவர் முதன்முறையாகத் தன் முகத்தையே வரைந்திருந்தார். தோளில் விழுகிற சாயங்கால வெயிலைத் தீட்டித் தீட்டி, தானா இவ்வளவு அழகு என்று சொக்கிப்போய், ஏணியை மறந்துவிட்டார். சரிபார்க்கிறவரின் படத்தை யார் சரிபார்ப்பார்கள்? படம் அப்படியே குழுவுக்குப் போய்விட்டது.

"ரூமுக்குப் போ. கம்ப்யூட்டர் திறந்துதான் இருக்கு. ஒரு படம் தெரியும். அதுல ஒரு ஏணி வரையணும்," என்றார் மனைவியிடம். பிறகு, "பார்த்துட்டு என்னை விட்டுட்டுப் போகணும்னு தோணினா போ. ஏணிய மட்டும் போட்டுட்டுப் போ," என்றார்.

அவள் போனாள். அந்த ஒரு படத்தோடு நிற்கவில்லை. பழைய படங்களையெல்லாம் திறந்து பார்க்கும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே நின்ற மச்சான் கதவைத் தட்டி, டீ ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்டான்.

கடைசியில் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாப் படத்துலயும் கீழ ஒரு பொம்பள நின்னு பார்த்துட்டு இருக்காளே, முதுகு மட்டும் தெரியுது. அந்தக் கிளிப்பு என்னோடது. வலது தோள் இறங்கியிருக்கே, ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு வந்தது அது. நான்தானே?"

"நீதான்."

"மூஞ்சி ஏன் போடல?"

"நீ எப்படிப் பார்ப்பேன்னு எனக்குத் தெரியலயே," என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷரின் நடு உச்சியையும் வளைந்த கழுத்தையும்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். இவ்வளவு அகலமான மார்பு இவருக்கு உண்டென்று அவளுக்குத் தெரியவே தெரியாது. ஜன்னல் மூடியிருந்தும், படத்தில் இருந்த அதே சாயங்கால வெயில் அவர் தோளில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு ஒரு நிமிஷம் நின்று வந்தது. கோவிலில்கூட அப்படி நின்றதில்லை என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

"அவசரமா இறங்கணுமா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் அவர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்குகிறவரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகுதான் போய் ஏணி வரைந்தாள். அவளுக்குக் கோடு வராது. ஒவ்வொரு படியாக அவள் இழுக்க இழுக்க, முன்னறையில் அவர் காலடியில் ஒவ்வொன்றாக வந்து முட்டியது. "இடது கால். மெதுவா. கீழ பார்க்காதீங்க, நான் சொல்றேன்," என்று பழகுகிறவனுக்குச் சொல்வதுபோல் அறையிலிருந்தே சொல்லி இறக்கினாள். கோணலாகப் போட்ட நாலாவது படியில் அவர் கணுக்கால் பிசகிற்று. அந்த நொண்டல் அவருக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அந்தக் கோணல் ஏணியை வரைந்தது யார், எதற்காக என்று கடைக்காரர் குழுவில் எழுதினார். அப்புறம் கட்டுப்பாட்டைத் திருத்தினார்கள்: ஏணியை இனி வரைந்தவர் போடக்கூடாது, கூட இருக்கிறவர் போட வேண்டும். அதற்காக ஊருக்கு ஒருவராகத் தங்கள் வீட்டில் உண்மையைச் சொன்னார்கள். சிலர் வீட்டில் கதவு சாத்தப்பட்டது. பலர் எழும்பினார்கள், இறக்கப்பட்டார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிறுதோறும் ஏணி இல்லாமல் ஒரு படம் வரைந்துவிட்டு, சாப்பிட்டதும் எழும்புவது வழக்கமாயிற்று. மனைவி எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே பார்ப்பாள். படத்தில் அவள் முகம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. மேலே இருக்கும்போதுதான் அந்த முகம் சரியாகத் தெரிகிறது, கை இரண்டும் விரிந்திருப்பதால் வரைய முடியவில்லை, கீழே வந்தால் வெட்கம் வந்துவிடுகிறது என்று அவர் சாக்குச் சொல்கிறார். அவளும் அவசரப்படுத்துவதில்லை. மச்சான் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது வேலையாக இறங்கி வந்தால், கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, மாமா மேல இருக்காரா?" என்று கேட்பான். ஆமாம் என்றால், அப்புறம் வருகிறேன் என்று போய்விடுவான்.