நடுப்பகல் வரை தூங்குகிறவள்

எங்கள் பாலையில் கவிஞனுக்கு இரண்டு வாய். பாடுவது ஒன்று. அதை மனப்பாடம் செய்து கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோகிற ராவி இன்னொன்று. முத்ரிக்கின் ராவி நான், வுஹைப். அவன் பாடிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துவிடுவான். இடுப்பொடிய ஒட்டகத்தில் அலைவது நான்.

பாட்டில் கெட்டிக்காரன், மற்ற எல்லாவற்றிலும் அரைவேக்காடு. இல்லாவிட்டால் வசந்தகாலச் சந்தையில் அப்படி ஒரு காரியம் செய்வானா?

பாட்டு என்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் காலிசெய்துவிட்டுப் போன கூடாரத் தடத்தில் நின்று ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அழ வேண்டும். பிறகு ஒட்டகம். பிறகு குலப்பெருமை. அந்தப் பெண் பெயரை எல்லாரும் கற்பனையாகத்தான் வைப்பார்கள். இந்த மகராசன் ‘ருவைதா’ என்று வைத்தான். ருவைதா, உகைலின் மகள். சந்தை முடிந்ததும் அவளைத்தான் பெண் கேட்கப் போவதாக இருந்தான்.

பாட்டில் பெயர் வைத்தவனுக்கு அந்தப் பெண்ணைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். கொடுத்தால், முன்பே பழக்கம், மூடி மறைக்கக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நாலு குலமும் சிரிக்கும்.

“ஏன்டா, வேற பேரே கிடைக்கலையா?” என்றேன்.

“வாயில வந்துருச்சுடா. சந்தத்துல அப்படியே போய் உக்காந்துக்கிச்சு.”

“அப்ப சந்தத்தையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து.”

இந்த முறை ராவிக்கு வேலையே இல்லை. நாங்கள் திரும்பிவருவதற்குள் பாட்டு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. உகைல் எங்களைக் கூடாரத்தில் உட்காரவைத்துப் பால் கொடுத்தார். பகைவன் வந்தாலும் பால் உண்டு.

“குடிச்சிட்டுக் கிளம்பு தம்பி. பொண்ணு கிடையாது.”

“மாமா, நான் தப்பா எதுவும் பாடலையே.”

“தப்பாப் பாடியிருந்தா யாருப்பா ஞாபகம் வச்சுக்கப் போறா? நல்லாப் பாடித் தொலைச்சிட்ட. தெக்கத்திக் குலத்துல மாப்பிள்ளை பாத்துட்டேன். உன் பாட்டு அங்க இன்னும் போய்ச் சேரல.”

முத்ரிக் பேரீச்சம்பழத்தைக்கூடத் தொடவில்லை.

அடுத்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டுகிற நாளில் கிணற்றடியில் குலமே கூடியிருந்தது. ஆண்கள் ஒட்டகங்களோடு காத்திருக்க, பெண்கள் பாடிக்கொண்டே நீர் இறைத்தார்கள். ருவைதா ஒல்லி, வெயிலில் கறுத்தவள். அவள் ஒரு சத்தம் கொடுத்தால் தொலைவில் போகிற ஒட்டகம் திரும்பிவிடும். யாரையும் பார்க்காமல், கயிற்றை இழுத்துக்கொண்டே தொடங்கினாள். எதிர்ப்பாட்டுக்கு உரிய முறைப்படி, முத்ரிக்கின் அதே சந்தம், அதே இயைபு.

“நடுப்பகல் வரை தூங்குவாளாம், எழுந்தால் நடை தளர்வாளாம்,
மணல்மேட்டைச் சுமந்தவள்போல் அசைவாளாம், யாரம்மா அவள்?
விடியுமுன்னே பால்கறப்பவள் நான், கயிறு தின்ற கை இது.
காணாதவளைப் பாடினாயே முத்ரிக், உன்
ஒட்டகத்தையாவது பார்த்துத்தான் பாடினாயா?”

கிணற்றடி குலுங்கிச் சிரித்தது. அவனுடைய ராவியான நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். உகைல் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மனப்பாடம் ஆயிருச்சா?”

“ஒரு தடவை கேட்டாப் போதும் மாமா.”

“அப்ப கிளம்பு. அவன் பாட்டு போன இடமெல்லாம் இதுவும் போகணும்.”

கொண்டுபோனேன். அவன் அவளைப் பார்த்ததேயில்லை, பழைய பாட்டுகளில் இருப்பதையே அள்ளிப்போட்டிருக்கிறான் என்று போன இடமெல்லாம் பேச்சாயிற்று. ருவைதாவைப் பற்றிய வம்பு அடங்கியது. முத்ரிக்கின் பெயர்தான் கிழிந்து தொங்கியது. அவன் தலையைக் கண்டால் பொடிசுகள்கூட, “ஒட்டகத்தைப் பாத்தியா அண்ணே?” என்றன.

வசைக்குப் பதில் பாடாதவன் தோற்றவன். குலத்துப் பெரியவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பதில் பாடுடா. எங்க மானமும்ல போகுது.”

பாடியிருக்கலாம். ஆனால் எப்படிப் பாடினாலும் அவளைப் பார்த்தேன் என்றுதான் பாட வேண்டும். அந்த ஒரு வரி போதும், அவன் பெயர் மீண்டுவிடும், அவளைப் பற்றிய வம்பும் திரும்பிவிடும், பெண் தெற்கே போய்விடுவாள்.

“எனக்கு ஒண்ணும் தோணல,” என்றான். மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

உகைல் மழைக்காலம் முடியும்வரை பொறுத்துப் பார்த்தார். பதில் வரவில்லை. பிறகு தெற்கே ஆள் அனுப்பி அந்தப் பேச்சை நிறுத்தினார்.

“என் பொண்ண இவன் பாத்ததே இல்லன்னு ஊரே சிரிக்குது. பாக்காதவனுக்குத் தாராளமாக் குடுக்கலாம்,” என்றார்.

கல்யாணத்தில் பெண்கள் பாடியதும் அந்த வசைப்பாட்டைத்தான். மாப்பிள்ளையும் சேர்ந்து கைதட்டினான்.

சில நாள் கழித்து அவன் கூடாரத்துக்குப் போனேன்.

“இப்பவாவது பதில் பாடுடா. உன் பேர மீட்டுக் கொண்டாறேன்.”

“அன்னிக்கே பாடிட்டேன்டா. கிணத்தடியிலருந்து வந்ததுமே.”

“பாடிட்டியா? யாருகிட்ட?”

அவன் சிரித்தான். திரைக்கு அந்தப் பக்கம் பால் கறக்கிற சத்தம் கேட்டது. கூடவே அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதே சந்தம், நான் கேட்டிராத வரிகள். கயிறு, காய்ப்பு, விடியற்காலை என்று ஒன்றிரண்டு சொல் காதில் விழுந்தது. ஒரு முறை முழுதாகக் கேட்டால் போதும் எனக்கு. காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தேன்.

முணுமுணுப்பு நின்றது.

“வுஹைப் அண்ணே,” என்றாள் உள்ளேயிருந்து, “பால் வச்சிருக்கேன். குடிச்சிட்டுக் கிளம்புங்க.”