ப்ரூஃப் பார்க்காத அட்டை

மம்மியின் அடக்கப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது யாரோ ஒரு ஆன்ட்டி நினைவு அட்டையை என் கையில் திணித்தார். மேலே மம்மியின் படம், நடுவில் ஜெபம், கீழே துயருறும் குடும்பத்தார். டாடி ரெமிஜியஸ், தம்பி நீல், அவன் மனைவி கிரேஸ். அவ்வளவுதான். அந்த அட்டையின்படி மம்மிக்கு, அதாவது பிரிஜெட் அம்மாளுக்கு, மகளே பிறக்கவில்லை. என் கணவன் சஞ்சய் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எனக்கு ஆச்சரியமில்லை. இந்துப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மம்மி என்னோடு பேசியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபோதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செத்தும் விடமாட்டாளா என்று கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் டாடி போன் செய்து கடைக்கு வரச்சொன்னார். பிரேசர் டவுனில் அவருடைய டி.டி.பி. கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மம்மி உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்த நாற்காலி. கல்யாணப் பத்திரிகையோ கடை நோட்டீஸோ, அவள் படிக்காமல் எதுவும் அச்சுக்குப் போகாது. இப்போது அந்த நாற்காலியில் பேப்பர் கட்டு இருந்தது.

“கார்டுல உன் பேரு இருந்துச்சும்மா,” என்றார் டாடி, நான் உட்காருவதற்குள்.

தன் அட்டையை மம்மி உயிரோடிருக்கும்போதே தயார் செய்யச் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட மனுஷி அவள். படம் அவள் தேர்ந்தெடுத்தது, ஜெபம் அவள் சொன்னது. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் பெயரையும் சஞ்சய் பெயரையும் சேர்க்கச் சொன்னாளாம். டாடியும் கடைக்கு வந்து சேர்த்தாராம்.

“அப்போ எங்க போச்சு?”

“டெய்லி எல்லா ஃபைலையும் பென் டிரைவ்ல காப்பி எடுத்து வெப்பேன், உனக்குத் தெரியுமில்ல. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதுல அதை உட்டுட்டேன். அன்னிக்கு அவ போனதும் கார்டு அடிக்க வந்தேன். கைப்பழக்கம், மொதல்ல பென் டிரைவைச் சொருவினேன். கம்ப்யூட்டர்ல இருக்கறதை அதுல போடணும். நான் தலைகீழாப் போட்டுட்டேன் கேரல். அதுல இருந்த பழசை எடுத்து, இதுல இருந்த புதுசு மேல. மாத்தட்டுமான்னு கேட்டுச்சு. எஸ் அடிச்சேன்.”

நான் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவள். உட்கார்ந்து தேடினேன். அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய வடிவத்தைத் தானாகவே நகல் எடுத்து வைக்கும். அதைத் திறந்தேன். அதிலும் நான் இல்லை. பழைய ஃபைலில் மம்மி இறந்த தேதியைப் போட்டு டாடி சேமித்தபோதே அந்த நகலும் பழசாகிவிட்டது.

“அடிக்கறதுக்கு முன்னால படிச்சுப் பாக்கலையா டாடி?”

“யாரு படிக்கறது?” என்று அந்த நாற்காலியைப் பார்த்தார்.

முப்பதாம் நாளுக்குப் புது அட்டை செய்திருந்தார். திரையில் காட்டினார். அவர் பெயருக்கு அடுத்தபடியே, நீலுக்கும் மேலே, மூத்த மகள் கேரல், மருமகன் சஞ்சய். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க டைப் பண்ணிட்டா, அது மம்மி சொன்னதா ஆயிடுமா?”

டாடியை நம்பச் சொன்னால் எப்படி நம்புவது? மம்மி உன்னை விசாரிச்சா, உனக்காக ஜெபம் பண்ணா என்று ஒவ்வொரு போனிலும் எனக்காகப் பொய் சொன்னவர். பின்னாலிருந்து, யாரு போன்ல என்று மம்மி சிடுசிடுப்பது எனக்குக் கேட்காதா என்ன?

“மம்மி சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

“சேக்கச் சொன்னா. அவ்ளோதான்.”

“அப்படியேன்னா அப்படியே, டாடி.”

மவுஸைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“‘அவ பேரையும் போட்டுத் தொலைங்க. அந்தப் பையன் பேரையும் போடுங்க. ஆனா கடைசில, கிரேஸுக்குக் கீழ போடுங்க. மூத்தவள்னு மேல தூக்கி வெக்காதீங்க’ன்னா.” அவர் நிமிரவில்லை. “இதைப் போய் உன்கிட்ட எப்பிடிம்மா சொல்றது? அதான் நானே மேல போட்டேன்.”

டாடி எனக்காகச் சொன்ன பொய்கள் எல்லாமே இனிப்பானவை. இந்த மாதிரி ஒன்றை உட்கார்ந்து யோசித்தாலும் அவரால் உண்டாக்க முடியாது. இது மம்மியேதான். மூச்சு விடத் திணறிக்கொண்டு கிடந்த நேரத்திலும் என்னைச் சேர்த்தும்கொண்டாள், ஒரு குட்டும் வைத்தாள். கல்லறையில் வராத அழுகை அந்தக் கடையில் வந்தது. டாடி பயந்துபோய், சொல்லியிருக்கக் கூடாது, சொல்லியிருக்கக் கூடாது என்று என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேப்பர் கட்டைத் தரையில் இறக்கி வைத்தேன். மம்மியின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“கடைசிலயே போடுங்க டாடி. கிரேஸுக்குக் கீழ.”

எங்கள் இருவர் பெயரையும் மெதுவாகக் கீழே இறக்கினார். “அடிக்கட்டுமா?”

“இருங்க. நான் ஒருவாட்டி படிச்சுடறேன்.”

மம்மி செய்வதுபோல ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துப் படித்தேன். கடைசி வரியில் நான் இருந்தேன்.