மருதமடையில் வண்டி நிற்கும்

“எங்க தெருவுல வண்டி நிக்கணும்.” இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எவரிடமும் எந்தக் காலத்திலும் சொல்லிவிடாதே என்று அழகுமலை தன் மகள் முனீஸ்வரியிடம் சொல்லியே வளர்த்திருந்தார். பள்ளிக்கூடம் போனபோது சொன்னார், கல்லூரியில் சேர்ந்தபோது சொன்னார், பட்டம் வாங்கி வந்த அன்று கறிச்சோறு தின்றுகொண்டே இன்னொரு முறை சொன்னார். அவள் அதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் பார்த்திராத ஆட்கள் நிறைந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில். அடுத்த வாரமே மருதமடையில் ரயில் நின்றது. மருதமடையில் தண்டவாளம் கிடையாது.

மருதமடை மேலூருக்குக் கிழக்கே, ஆவாரங்கண்மாய் என்ற ஊரிலிருந்து இருபது நிமிட நடையில் இருக்கிறது. அந்தப் பெயரை அங்கே குடியிருப்பவர்கள்கூட அதிகம் சொல்வதில்லை. எல்லார் வாயிலும் அது காலனி. காரைக்குடிப் பக்கமிருந்து வரும் பஸ் காலனி வாசலைத் தாண்டித்தான் ஆவாரங்கண்மாய்க்குப் போகும், ஆனால் நிற்காது. அதனால் காலனிக்காரர்கள் நேரத்தோடு கிளம்பி ஆவாரங்கண்மாய் வரை நடந்து, அங்கே நாடக மேடைக்குப் பின்பக்கம் நின்று, மற்றவர்கள் ஏறிய பிறகு ஏறுவார்கள். அழகுமலையின் அண்ணன் கருப்பு ஒரு காலத்தில் டிரைவரிடம் கேட்டுப் பார்த்தார். பஸ் ஒரே ஒரு நாள் நின்றது. அந்த அறுவடைக்குக் காலனியில் ஒருவரைக்கூட யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கருப்பு திருப்பூருக்குப் போய்விட்டார்; அவர் பேச்சை வீட்டில் எடுப்பதில்லை. இப்போது காலம் மாறிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மைதான். அழகுமலை குத்தகைக்கு நிலம் பிடித்து நெல் போடுகிறார், காலனியில் கார் வைத்திருப்பவர்கள்கூட உண்டு. பஸ் மட்டும் இன்னும் செய்தி கேள்விப்படவில்லை.

முனீஸ்வரி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. காளவாசலில் ஓர் ஆன்லைன் சேவை மையத்தில் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலை. கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் ஆவாரங்கண்மாய்க் கடைத்தெருவில் ஒரே ஆள் ஒரே கேள்வியை, “காலேசா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருடமும் ஆமாம் என்றாள். கடைசித் தேர்வு அன்று மட்டும், “இல்லண்ணே, கல்லு ஒடைக்க” என்றாள். அதற்கு அழகுமலை இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவளுக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு ரயில் ஓட்டுவது. கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் அந்த விளையாட்டை, கல்லூரியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில், விசிறி அலறும் சத்தத்தோடு ஓட்டுவாள். அதை விளையாடுகிறவர்களுக்கு மதுரையில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. நடத்தியவன் ராகேஷ், தெற்குமாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் ஜனகராஜின் மகன். வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், குழுவில் இரண்டோடு ஆங்கிலமும் கலந்து ஒன்று பேசுவான். வாரம் ஒரு தலைப்பு கொடுப்பான். அந்தத் தலைப்புக்கு, எங்கும் நடக்காத ஒரு காட்சியை விளையாட்டுக்குள் அமைத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டும். ‘மழை’ என்று சொன்ன வாரம் ஒருவர் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் நிறைந்த தண்ணீர்மேல் மைய மண்டபத்தைச் சுற்றி வரும் பாசஞ்சரைப் போட்டார். ‘நெரிசல்’ என்றபோது காளவாசல் சிக்னலில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ஓர் இன்ஜின் பச்சைக்குக் காத்திருந்தது. மேலூர்க் குவாரிப் பள்ளத்தில் பனி பெய்தது, யானைமலை முதுகில் கரி ஏற்றிய சரக்கு வண்டி ஏறியது. எல்லாரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்புவார்கள். முனீஸ்வரியின் படங்களுக்கு அவ்வளவாக விழாது. பழைய லேப்டாப் என்பதால் அவள் படங்களில் மரங்கள் தட்டையாக இருக்கும், தண்டவாளத்தின் ஓரம் ரம்பம்போல் பல்லைக் காட்டும்.

ராகேஷ் அந்த வருடம் புதிதாக ஒரு பாதை கட்டினான். காரைக்குடியிலிருந்து மேலூர் வழியாக மதுரைக்கு, கற்பனையாக. வழியிலுள்ள ஊர்களையெல்லாம் வரைபடம் பார்த்து வைத்திருந்தான். ஆவாரங்கண்மாயில் ஸ்டேஷன், வேப்பமரம், டீக்கடை, அலங்கார வளைவுகூட இருந்தது. மருதமடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைப் புல். அதைப் பார்த்த பிறகுதான் முனீஸ்வரி கேட்கக் கூடாததைக் கேட்டாள். குழு கலகலத்தது. “அடுத்து எங்க வீட்டு மொட்டமாடில ஒரு ஜங்ஷன் போடு மாப்ள” என்று ராகேஷிடம் ஒருவன் கேட்டான். “அம்புட்டுத் தூரமா இருக்கு, நடந்தா கொறஞ்சா போயிருவீங்க?” என்றான் இன்னொருவன். ராகேஷ் மரியாதையாகவே, அங்கே நின்றால் ரியலிஸ்டிக்காக இருக்காது என்று எழுதினான்.

“ரயிலே இல்லாத ஊர்ல ரயில் விடுறீங்க, அது ரியலிஸ்டிக். அது எங்க தெருவுல நின்னா மட்டும் ரியலிஸ்டிக் இல்லையா?” என்று முனீஸ்வரி குரல் பதிவு அனுப்பினாள். பிறகு ராகேஷ் பாதையைத் திருத்தும் கோப்பை அவளுக்கு அனுப்பி, ஒரே ஒரு விஷயம், இவ்வளவு பக்கத்தில் இரண்டு ஸ்டேஷன் வைத்தால் விளையாட்டு நின்றுபோகும், ஏதாவது ஒன்றுதான் வைக்க முடியும் என்றான். முனீஸ்வரி யோசிக்கவில்லை. ஆவாரங்கண்மாய் ஸ்டேஷனை வேப்பமரத்தோடு தூக்கிவிட்டு, மருதமடையில் ஒரு நடைமேடையும் பெஞ்சும் குடிதண்ணீர்க் குழாயும் மஞ்சள் பலகையும் வைத்தாள். பலகையில் காலனி என்று எழுதவில்லை. அந்த வாரத் தலைப்பு ‘நிற்கக் கூடாத இடத்தில் நின்ற ரயில்’. படத்தைப் போட்ட பிறகுதான் கவனித்தாள், பலகைக்குப் பக்கத்தில் தலையில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். கட்டியிருந்தது அவள் அம்மா ஒச்சாயியின் கிழிந்த கரைப் பச்சைச் சேலை. அப்படி ஓர் உருவம் அந்த விளையாட்டில் கிடையாது.

மறுநாள் காலை மருதமடை வயல் வழியே நீலப் பெட்டிகளோடு நிஜமாகவே ரயில் வந்தது. வயலில் தண்ணீர் நின்றது, சக்கரம் நனையவில்லை; நெற்பயிர் விலகி வழிவிட்டுப் பிறகு மூடிக்கொண்டது. பெட்டிகளின் ஓரம் பல்பல்லாக இருந்தது. ஜன்னலில் தெரிந்த பயணிகள் எல்லாப் பெட்டியிலும் அதே நாலு முகம்தான். இன்ஜினில் ஆள் இல்லை. ஏன் இவளுடைய படம் மட்டும் வெளியே வந்தது என்று குழுவில் பல நாள் பேசினார்கள். ராகேஷின் பெரிய கம்ப்யூட்டரில் அதே படத்தை எடுத்தால் படமாகவே இருந்தது. அவள் லேப்டாப்பில் மெமரி குறைவு, பிடிக்க முடியாததை வெளியே தள்ளிவிடுகிறது என்று அவன் முடிவு சொன்னான். அதைவிட நல்ல விளக்கம் யாருக்கும் கிடைக்காததால் அதுவே நிலைத்தது.

காலனிக்காரர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். ரயில் ஓடுகிறது என்று தெரிந்ததும், பையைத் தூக்கிக்கொண்டு ஆவாரங்கண்மாய் வரை நடந்துபோய் நாடக மேடைக்குப் பின்னால் நின்றார்கள். ரயில் மருதமடையில், ஆளில்லாத தெருவில், கோழிகளுக்கு முன்னால் நின்றது. நின்று பார்த்துவிட்டு, ஆவாரங்கண்மாயை நிற்காமல் கடந்தது. மேடைக்கு முன்னால் நின்றவர்களும் கையைக் காட்டினார்கள், பின்னால் நின்றவர்களும் காட்டினார்கள். வாரம் முழுக்க இது நடந்தது. நம்ம வாசலிலேயே நிற்கிறது என்று முனீஸ்வரி கத்தினாள். “நிக்கிது தாயி, ஏறுறது அங்கதான?” என்றார்கள். கடைசியில் ஒச்சாயிக்கு முட்டிவலி வந்தது. நடக்க முடியாமல் கீரைக்கூடையோடு வாசலில் உட்கார்ந்திருந்தவள், கதவு நேரே வந்து நின்றதும் ஏறிவிட்டாள். மேலூரைத் தாண்டி, தெப்பக்குளத் தண்ணீர்மேல் ஒரு சுற்று வந்து, காளவாசல் சிக்னலில் வண்டி நின்றதும் இறங்கினாள். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர்கள் எதற்கும் அடிப்பார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவளைக் காலனியே சூழ்ந்துகொண்டது. “உள்ள இருக்கதெல்லாம் ஒரே வீட்டு ஆளுக போல, ஒண்ணு மாதிரியே இருக்காக. டிரைவர் இல்ல. இல்லாட்டிப் போறான், வையிறதுக்கு ஆளில்லேல்ல” என்றாள். மறுநாளிலிருந்து யாரும் நடக்கவில்லை.

ஆவாரங்கண்மாய்க்கு ரயில் ஓடுவது ஆச்சரியமாக இல்லை. அது எங்கே நிற்கிறது என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகள் மதுரைக்கு வேகமாகப் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் அதற்காகக் காலனிக்கு நடந்துபோய் ஏறுவதா? அழகுமலைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வீரணன் அவரைக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், குத்தகையை வருகிற தையோடு முடித்துக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அழகுமலை அன்றைக்குச் சாப்பிடவில்லை. “ஒங்க பெரியப்பன் கேட்டதத்தான் நீயும் கேட்டிருக்க. நான் எத்தன தடவ சொன்னேன்” என்று மகளிடம் அழுதார். முனீஸ்வரிக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. அழுவதற்கு இத்தனை வருடம் காத்திருந்தவர் இதற்காகவா அழ வேண்டும் என்று இருந்தது. ராகேஷும் போன் செய்தான். ஆவாரங்கண்மாய்ப் பையன்கள் அவன் கடைக்கே வந்துவிட்டார்களாம்.

“முனீஸ், சண்டை வேணாம். ஸ்டேஷனைக் கொஞ்சம் தள்ளி வச்சிரு. ஸ்க்ரீன்ல ரெண்டு இஞ்சுதான்.”

“ரெண்டு இஞ்சுதான? அவங்கள நடந்து வரச் சொல்லு.”

ராகேஷ் சிரிக்காமல், அந்த வாரத் தலைப்பைச் சொல்லிவிட்டு வைத்தான். தலைப்பு ‘நடந்து வரும் பயணிகள்’. தற்செயலாகத்தான் கொடுத்தான் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னான்.

சனிக்கிழமை காலை நாடக மேடையில் கூட்டம் போட்டார்கள். வீரணன் நாற்காலியில், ஊர்க்காரர்கள் மேடைமேல், அழகுமலையும் ஒச்சாயியும் கீழே மணலில். முனீஸ்வரியை லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். வீரணன் நல்லபடியாகவே பேசினார். “இந்தா பாரு தாயி, படிச்ச பிள்ள நீ. ஊருன்னு ஒரு மரியாத இருக்குல்ல. இங்க நிக்கட்டும், நீங்களும் எப்பவும் போல வந்து ஏறுங்க. ஒங்கள ஏறவேணாம்னு யாராச்சும் சொன்னமா?”

“எப்பவும் போலன்னா மேடைக்குப் பின்னாடியா?” என்றாள்.

மேடையில் ஒருவர் செருமினார். ஒச்சாயி மகளின் சுடிதார் நுனியைப் பிடித்து இழுத்தாள். அழகுமலை கையெடுத்துக் கும்பிட்டு, சின்னப்பிள்ளை, அழித்துவிடுவாள் என்றார். லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். அது தன் வழக்கப்படி அலறி, நிதானமாகக் கண் விழித்தது. திரையில் பாதை வந்தது, மருதமடை வந்தது, மஞ்சள் பலகை வந்தது. அழி என்று வீரணன் சொன்னார்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அவள் அந்த வாரத்துப் படத்தைப் போட்டுவிட்டிருந்தாள். அதில் ஆவாரங்கண்மாயிலிருந்து மருதமடைக்கு வரும் ரோட்டில், வெயிலில், பைகளும் டிபன் கேரியர்களுமாக ஒரு கூட்டம் நடந்து வந்தது. முன்னால் வந்தவர் வெள்ளைத் துண்டை முண்டாசு கட்டியிருந்தார், அது வீரணன். “காலேசா” கேட்கும் ஆளும் இருந்தார். நடைமேடைப் பெஞ்சில் அழகுமலையை உட்கார வைக்க அவள் பலமுறை முயன்றும் அந்த உருவம் உட்காரவில்லை, பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றது. சரி, அதை வேறொரு வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே அனுப்பியிருந்தாள். கைதட்டும் பொம்மைகள் வரத் தொடங்கியிருந்தன.

கிழக்கே வெகுதூரத்தில் ஹாரன் கேட்டது. முனீஸ்வரி லேப்டாப்பை மூடி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள்.

“எங்க போற? பேசிக்கிட்டு இருக்கோம்ல” என்றார் வீரணன்.

“வேலைக்குப் போறேன். வண்டி வருது.”

அவள் மேடையைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. முன்பக்கமாகவே, எல்லாருக்கும் நடுவில் நடந்து ரோட்டுக்கு வந்தாள். பின்னால் முதலில் அவள் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு அம்மாவின் கொலுசு. கொஞ்ச தூரம் போனதும், துண்டை உதறும் சத்தமும், “ஏப்பா, வாய்க்கா வழியாப் போனா சீக்கிரம் போயிரலாமா?” என்று ஒரு குரலும், அதன் பின்னால் நிறையச் செருப்புகளும். யார் யார் வருகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலையிலேயே பார்த்ததுதான்.