எதிர்க்கடைக்காரியின் சாவு

ஸஹீலாவுக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லும் எரிச்சல் அல்ல இது. சோறு இறங்காமல், படுத்தால் நித்திரை வராமல் எரிந்தது. காரணம், தெருவுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டிலுக்குக் கீழே நின்று கச்சான் கடலை வறுத்துக்கொண்டிருந்த சிவரூபி.

மாங்குளம் சந்தியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், பெரிய வீதியின் இரண்டு கரையிலும் எதிரெதிராக அவர்களுடைய கடைகள். யாழ்ப்பாணம் போகிற வாகனம் ஸஹீலாவின் பக்கம் ஓரங்கட்டும். திரும்பி வருகிற வாகனம் சிவரூபியின் பக்கம் ஓரங்கட்டும். போகிறவர்கள் உனக்கு, வருகிறவர்கள் எனக்கு என்று வீதியே பங்கு பிரித்துக் கொடுத்திருந்தது. சண்டைக்கு இடமே இல்லை. காலையில் ஸஹீலா பிளேன்டீ ஊற்றினால் சிவரூபிக்கும் ஒரு கோப்பை போகும்.

சொல்லப்போனால் சிவரூபி கடை போட்ட நாளில் அவளுடைய தாச்சிச் சட்டிக்கு வறுக்க மணல் கொடுத்ததே ஸஹீலாதான். புது மணலில் வறுத்தால் கச்சான் ஒருபக்கம் கருகும், ஒருபக்கம் பச்சையாக நிற்கும். பல நாள் சூடேறிக் கறுத்த மணலில்தான் பதமாக வரும். "இந்தா பிள்ளை, என்ர தாச்சியில இருந்து பாதி அள்ளிக்கொண்டு போ" என்று ஸஹீலா அன்று தாராளமாகச் சொன்னாள். இப்போது அந்த மணலை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

எல்லாம் கிளிநொச்சியில் நடந்த ஒரு பயிற்சியால் வந்த வினை. சிறுகடை நடத்தும் பெண்களுக்கு, செயற்கை நுண்ணறிவை வைத்து எப்படி வியாபாரத்தை விளம்பரப்படுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிவரூபி வந்து, "ஸஹீலாக்கா, நீங்களும் வாங்கோவன், பஸ்ஸில சேர்ந்து போவம்" என்று கூப்பிட்டாள். ஸஹீலா சிரித்தாள். "கச்சான் விக்கிறதுக்கு எனக்கு ஏஐ சொல்லித் தரவேணுமோ? வாசம் போனாப் பஸ் நிக்கும்" என்றாள். அந்தச் சிரிப்பு இப்போது திரும்பி வந்து அவளையே பார்த்துச் சிரித்தது.

போன சிவரூபி சும்மா வரவில்லை. போனில் ஏஐயிடம் தமிழில் கேட்டாளாம்: என்னுடைய கச்சானை இன்னும் யாருக்கு விற்கலாம்? அது சொன்னதாம்: தெற்கிலிருந்து யாத்திரை வருகிறவர்களுக்கு வில், அவர்கள் புறப்படுவதற்கு முன்பே, பௌர்ணமிப் போயா தினத்துக்கு முந்திய வாரம், அவர்களுடைய பாஷையில் பேசி அவர்களுடைய போனுக்குப் போ. பேச ஆள் வேண்டுமே? அதையும் அதுவே செய்து கொடுத்தது. முகமும் செய்தது, குரலும் செய்தது. செந்தளிப்பான ஒரு பெண், தலையில் பூ, பெரிய கண்கள். தாச்சிக்குப் பக்கத்தில் நின்று தேன் போலச் சிங்களம் கதைத்தாள். "மாங்குளத்தால் வரும்போது என் கடைக்கு வாருங்கள் அம்மா, உங்களுக்காகச் சூடாக வறுத்து வைத்திருப்பேன்." அந்த வீடியோவுக்குக் கீழே சிவரூபியின் பெயரும் கடையும். தெற்கே அது போன் போனாகப் பரவியது.

அதன்பிறகு வீதியின் நியாயம் உடைந்தது. ஸஹீலாவின் பக்கம் நின்ற பஸ்களிலிருந்து இறங்கிய சனம், அவளுடைய கடையைத் திரும்பியும் பாராமல் வீதியைக் கடந்து அந்தப் பக்கம் போனது.

சனம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தச் சிங்களம்தான் ஸஹீலாவைக் கொன்றது. அவள் முல்லைத்தீவில் பிறந்தவள். சின்ன வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய நேரம், உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் புத்தளம் போய், அங்கே ஓலைக் கொட்டிலில் வளர்ந்து, சந்தையில் வெங்காயம் கூவி விற்றுப் பொறுக்கிய சிங்களம் அவளுடையது. வீடும் வளவும் போன இடத்தில் அது ஒன்றுதான் மிஞ்சி வந்தது. இந்தச் சந்தியில் எந்தக் கடைக்காரிக்கும் அப்படிப் பேச வராது என்பது அவளுடைய கர்வம். சிவரூபிக்குச் சிங்களத்தில் நன்றி சொல்லக்கூடத் தெரியாது. அவளுக்குப் போன் அதைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டது. இது என்ன நீதி என்று ஸஹீலா கச்சானைக் கிண்டிக் கிண்டிக் கேட்டாள்.

"நீயும் அதைப் படிச்சாப் போச்சு" என்றான் அவளுடைய கணவன் ஹலீம். ஒட்டுசுட்டானில் வாங்கிய கச்சான் மூட்டையை மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"அவள் செய்ததைப் பாத்து நான் செய்யிறதோ? என்ர மணலில வறுக்கிறவளிட்ட நான் படிக்கிறதோ?"

"அப்ப எரிஞ்சுகொண்டு இரு" என்று ஹலீம் அடுத்த மூட்டைக்குப் போனான்.

அவள் அதைத்தான் செய்தாள். காலைத் தேநீர் நின்றது. சிவரூபி கை காட்டினால் ஸஹீலாவுக்கு அடுப்பில் திடீரென்று வேலை வந்துவிடும்.

போயாவுக்கு முந்திய நாள் ஒரு வெள்ளைப் பஸ் ஸஹீலாவின் பக்கம் வந்து நின்றது. எல்லாரும் வெள்ளை உடுத்த யாத்திரைக்காரர். முன்னால் இறங்கியவர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பேச்சிலேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்று தெரிந்தது. எதிர்க்கடை வாசலில் படங்குத் துணி இறக்கிக் கட்டியிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சிவரூபி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். ஸஹீலாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

"மகள், இந்தப் பிள்ளையின் கடை எது?" என்று அந்த அம்மா சிங்களத்தில் கேட்டு, போனை நீட்டினார். செந்தளிப்புக்காரி திரையில் சிரித்தாள்.

"எதிர்க்கடை. பூட்டியிருக்கிறது" என்றாள் ஸஹீலா, அவளும் சிங்களத்தில்.

"ஐயோ. இவளைப் பார்க்கத்தானே பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். என்ன வடிவாக எங்களுடைய பாஷை பேசுகிறாள்! இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை இப்படிப் பேசுவாள் என்று நான் நினைக்கவேயில்லை. தினமும் போட்டுக் கேட்பேன்."

ஸஹீலா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும்தானே இப்போது பேசினாள்? அதே பாஷைதானே? உயிரும் சதையுமாக முன்னால் நிற்கிறவளின் சிங்களம் இந்த மனுசியின் காதில் விழவேயில்லை. இல்லாத ஒருத்தியின் சிங்களம் இனிக்கிறது.

"எப்போது வருவாள்?" என்றார் அம்மா.

"வரமாட்டாள்" என்றாள் ஸஹீலா. "அவள் செத்துப் போனாள்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. திருப்பி எடுத்திருக்கலாம். அந்த அம்மாவின் முகம் சுருங்கி, கண்ணாடிக்குள் கண் கலங்கியதைப் பார்த்தபோது எடுத்திருக்கலாம். ஆனால் அம்மா திரும்பி மற்றவர்களிடம் சொல்ல, பஸ்ஸிலிருந்த எல்லாரும் இறங்கி, "பாவம்", "இந்த வயதிலா" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு ஸஹீலாவின் கடையைச் சுற்றி நின்று கச்சான் வாங்கத் தொடங்கினார்கள். தாச்சி காலியானது. திரும்பவும் வறுத்தாள். அதுவும் காலியானது. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கியது.

சிவரூபி வந்து படங்கைத் தூக்கியபோது ஸஹீலா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பல கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிவரூபியும் சந்தோசமாகக் கை காட்டினாள். அதுதான் கொஞ்சம் குத்தியது.

ஒன்றை மட்டும் ஸஹீலா யோசிக்கவில்லை. வடக்கே போன பஸ் தெற்கே திரும்பி வரும். வந்தால் மற்றப் பக்கம்தான் நிற்கும்.

போயா முடிந்த மறுநாள் அது வந்தது. சிவரூபியின் கடை வாசலில் நின்றது. வெள்ளை உடுத்தவர்கள் சத்தமில்லாமல் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் அந்த அம்மா, கையில் ஒரு பெரிய பை. ஸஹீலாவின் அகப்பை அந்தரத்தில் நின்றது. பையின் வாயில் சீனிப் பைகளும் தேயிலையும் பிஸ்கட் பெட்டியும் எட்டிப் பார்த்தன. செத்த வீட்டுக்குக் கொண்டு போகிற சாமான். புத்தளத்தில் எத்தனை செத்த வீடு பார்த்தவள். அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அம்மா சிவரூபியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். வெயிலில் கறுத்து, மெலிந்து, நெற்றியில் மணல் ஒட்டி நின்ற சிவரூபியைத் திரையில் பார்த்த பெண்ணாக யார்தான் நினைப்பார்கள்? சிங்களம் கேட்டால் மொழிபெயர்த்துச் சொல்லும் போனை, சிவரூபி வழக்கம்போல எடுத்து நீட்டினாள். போன் கேட்டுத் தமிழில் சொன்னது: "உங்கள் தங்கையின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்."

"தங்கச்சியோ? எனக்கு ஆர் தங்கச்சி?" சிவரூபி போனைத் தட்டினாள். திரும்பவும் அதையே சொன்னது. அவள் சிரித்துக்கொண்டு வீதிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டாள். "ஸஹீலாக்கா! இந்தப் போன் விசர்க்கதை கதைக்குது. ஒருக்கா ஓடி வாங்கோ, இவை என்ன சொல்லினம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ!"

ஏஐயை விட அவள் ஸஹீலாவைத்தான் நம்பினாள்.

ஸஹீலா வீதியைக் கடந்தாள். பொய் ஒன்று தயாராக இருந்தது: கடை மாறி வந்துவிட்டார்கள், வேறு யாரோ செத்துவிட்டார்கள். இரண்டு பாஷையும் தெரிந்தவள் நடுவில் நின்றால் எதையும் சொல்லலாம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று சொல்லிவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியவராது.

"இந்த மகள்தான் அன்றைக்கு எங்களுக்குச் சொன்னாள்" என்று அம்மா மற்றவர்களிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு பையைத் தூக்கிச் சிவரூபியிடம் நீட்டினார். சிவரூபியின் முகம் மலர்ந்தது. கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாள். "பாருங்கோ அக்கா, எனக்குச் சாமான் எல்லாம் கொண்டு வந்திருக்கினம்!"

"வாங்காதை!" ஸஹீலா கத்திவிட்டாள். "அது செத்த வீட்டுச் சாமான். வாங்காதை பிள்ளை!"

ஏந்திய கை அப்படியே நின்றது. வீட்டில் பிள்ளை இன்னும் காய்ச்சலோடு படுத்திருக்கிறது; அதுக்கு ஏதுமோ என்று பயந்தாள்.

"ஆர் செத்தது?"

"நீ" என்றாள் ஸஹீலா. "நீதான். நான்தான் சொன்னனான். நீ இல்லாத நேரம் வந்து உன்னைக் கேட்டவை. எனக்கு எரிச்சலில வாயில வந்திட்டுது."

அம்மாவின் போனில் செந்தளிப்புக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிவரூபி அவளைப் பார்த்தாள்.

"இவள் செத்தா நான் அழமாட்டன் அக்கா" என்றாள். "கடைக்கு வாற சனம் எல்லாம் என்ர முகத்தைப் பாத்திட்டு, எங்க அந்தப் பிள்ளை எண்டு உள்ளுக்கு எட்டிப் பாக்கும். என்ர கடையில நான் வேலைக்காரி மாதிரி நிப்பன். இவளில எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ?" அவள் திரையை விட்டு ஸஹீலாவிடம் திரும்பினாள். "ஆனா நீங்கள் இவளைச் சாகச் சொல்லேல்லை. இவள் பொய் எண்டு உங்களுக்குத் தெரியும். என்னைத்தான் சாகச் சொன்னீங்கள்."

சிவரூபி கையை நீட்டி அம்மாவையும் மற்றவர்களையும் காட்டினாள்.

"அவையிட்டச் சொல்லுங்கோ, நான் ஆரெண்டு."

சொன்னாள். முதலில் யாரும் நம்பவில்லை. திரையையும் சிவரூபியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இறந்தவளின் அக்கா துக்கத்தில் ஏதோ சொல்கிறாள் போல என்று ஒருவர் முணுமுணுத்தார். ஸஹீலா குரலை உயர்த்தினாள். "அந்த முகம் போன் செய்தது. குரலும் போன் செய்தது. கச்சான் வறுத்தது இந்தக் கை. நான் பொறாமையில் பொய் சொன்னேன் அம்மா. இவள்தான் சிவரூபி." வாழ்க்கையில் இவ்வளவு திருத்தமாக அவள் சிங்களம் பேசியதில்லை. இப்போது எல்லாருடைய காதிலும் விழுந்தது.

அம்மா ஸஹீலாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிவரூபியின் கன்னத்தைத் தொட்டு, "நீதானா மகள்" என்றார். பிறகு எல்லாரும் அவளிடம் கச்சான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். பை மட்டும் வாசலில் நின்றது. செத்த வீட்டுக்கென்று கொண்டு வந்ததை யார் திருப்பிக்கொண்டு போவார்கள்?

சிவரூபி பையைத் தூக்கினாள். வீதியைக் கடந்து போய் ஸஹீலாவின் மேசையில், தாச்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். "செத்தவளுக்கு வந்தது. சாகக் குடுத்த ஆளே வைச்சிருங்கோ" என்றாள். ஸஹீலாவின் தாச்சியைப் பார்த்தாள். "உங்கட மணல் நாளைக்கு வந்து சேரும்."

வந்து சேர்ந்தது. விடிய ஸஹீலா கடை திறந்தபோது, மேசைக்குக் கீழே ஒரு வாளி நிறையக் கறுத்த மணல் இருந்தது. எதிர்க்கடையில் சிவரூபி புது மணலில் வறுத்துக்கொண்டிருந்தாள். கருகல் வாசம் வீதியைக் கடந்து வந்தது. ஒரு கிழமைக்கு முன் என்றால் அந்த வாசம் ஸஹீலாவுக்கு அத்தர் போல இருந்திருக்கும்.

வடக்கே போகிற வான் ஒன்று அவளுடைய பக்கம் நின்றது. ஒரு பெண் இறங்கிப் போனை நீட்டினாள். அதே முகம், அதே சிரிப்பு. அதைப் பார்த்ததும் வயிறு பழையபடி எரிந்தது. அது அவ்வளவு சுலபமாக அணைகிற நெருப்பில்லை.

"இந்தப் பிள்ளையின் கடை எது?"

ஸஹீலா மணல் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "என்னோடு வாருங்கள்" என்றாள் சிங்களத்தில். "எதிர்க்கடை. உயிரோடுதான் இருக்கிறாள்."