ஆளுக்காள் விட்டுக்கொடுத்த ‘ஆனிரை’

நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்தே கேட்டிருக்கலாம். ஆனால் தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த ஒரு பொருளை நேரில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு ஊர்காவற்றுறை நூலகர் துஷ்யந்தனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. குறிகட்டுவானில் படகேறி, மிருக வைத்தியர் அனோஜனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான்.

நெடுந்தீவில் கத்தரீனாவின் மாடுகள் பின்காலை இழுத்து இழுத்து விழுந்துகொண்டிருந்தன. இரண்டு போய்விட்டன. மூன்றாவது படுத்துவிட்டது. ஊசிக்கு நோய் கேட்கவில்லை. இதே நோய் முன்பொருமுறை தீவுகளில் வந்ததென்றும், எந்த இலையை அவித்துப் பருக்கினால் மாடு எழும்பும் என்று அந்நாளைய வைத்தியர் ஒருவர் ‘ஆனிரை’ என்ற கால்நடைச் சஞ்சிகையில் எழுதினாரென்றும் அனோஜன் படிக்கிற காலத்தில் கேள்விப்பட்டிருந்தார். இலையின் பெயர்தான் அவருக்குத் தெரியாது.

“அது பத்திரமா இருக்கு டொக்டர். நெடுந்தீவிலை,” என்றான் துஷ்யந்தன்.

போன வருடம் தீவுகளின் நூலகங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. ஒரே சஞ்சிகையை இரண்டு நூலகங்கள் வைத்திருந்து இரண்டு கறையான் கூட்டத்துக்குச் சோறு போடத் தேவையில்லை. ஒன்று பாதுகாக்கட்டும், மற்றது கழிக்கட்டும். ‘ஆனிரை’ ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் மட்டுமே மிஞ்சியிருந்தது. மாடு உங்களிடம்தானே அதிகம், நீங்களே வைத்திருங்கள் என்றான் துஷ்யந்தன். சீச்சீ, உங்களிட்டைத்தான் நல்ல அலுமாரி இருக்கு என்றாள் நெடுந்தீவு நூலகர் பிரியவதனி. கலியாண வீட்டில் கடைசி வடையை ஆளுக்காள் தள்ளிவிடுவதுபோல இது கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்தபோது கூட்டமும் முடிந்திருந்தது. அடுத்த கிழமையே துஷ்யந்தன் தன்னுடைய இதழ்களைக் கட்டிப் பழைய பேப்பர்காரனிடம் கொடுத்தான். அன்றைக்கு அவனுக்கு நல்ல நித்திரை வந்தது.

நெடுந்தீவு நூலக வாசலில் பிரியவதனி அவனுடைய கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

“கொண்டுவரேல்லையோ அண்ணை?”

“எதை?”

“‘ஆனிரை’யை. டொக்டர் வாறார் எண்டவுடனை அதோடைதான் நீங்களும் வாறியள் எண்டு நினைச்சன்.”

துஷ்யந்தன் அவளுக்குப் பின்னாலிருந்த புத்தக இறாக்கைகளைப் பார்த்தான். சுத்தமான இறாக்கைகள். அப்போ உங்கடையை என்ன செய்தனீங்கள் என்று அவன் கேட்கும் முன்பே அவளாகவே சொன்னாள்.

“நீங்கள் வச்சிருக்கிறியள் எண்டுதானே கழிச்சனாங்கள். கட்டி வெளியிலை வச்சனான். நல்ல கோடை அண்ணை, ஒரு புல்லு இல்லை. விடிய வந்து பாக்க மாடுகள் திண்டிட்டுதுகள்.”

“ஆரின்ரை மாடுகள்?” என்று அனோஜன் கேட்டார். தொழில் அப்படி. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கத்தரீனா வீட்டுப் பக்கம் நடந்தார்.

கற்சுவர்களுக்கு நடுவே அவருக்குப் பின்னால் போகும்போது துஷ்யந்தனுக்கு அந்தக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் வைக்கிறம். இரண்டே சொல். சொல்லியிருந்தால் அலுமாரியில் ஒரு தட்டு இடந்தான் போயிருக்கும். அவள் சொல்லியிருக்கலாமே என்றும் நினைத்துப் பார்த்தான். அதுவும் உதவவில்லை.

கத்தரீனா பனையோலையால் நிழல் கட்டி மாட்டைக் கிடத்தியிருந்தாள். ஈ மொய்க்காமல் கண்ணுக்கு ஈரத்துணி போட்டிருந்தாள். அனோஜன் குந்தியிருந்து மாட்டின் பின்காலை அமத்திப் பார்த்தார். அது உதறவில்லை.

“நீர்தானே தம்பி புத்தகக்காரர்?” என்றாள் கத்தரீனா. “டொக்டர் அவிக்கோணும் எண்டு போனிலை சொன்னவர். தண்ணி வச்சிட்டன். என்ன இலை எண்டு வாசியும், ஓடிப்போய் ஆய்ஞ்சுகொண்டு வாறன்.”

கையில் ஓலைக் கடகத்தோடு அவள் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், மூன்று கல்லில் ஏற்றிய பானையில் வெறும் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.